‘கார்பஸ் கிறிஸ்டி’ திரைப்படம் வெளியாகிறதா? உண்மை விளக்கம்

இயேசுவையும் சீடர்களையும் ஓரினச்சேர்க்கையாளர்களாகச் சித்திரிக்கும் ‘கார்பஸ் கிறிஸ்டி’ என்னும் திரைப்படம் விரைவில் வெளியாகவிருப்பதாகவும், அதைத் தடுக்க அவரவர் பெயரைச் சேர்த்துப் பலருக்கும் அனுப்ப வேண்டும் என்றும் ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அப்படியொரு திரைப்படம் வெளியாகவிருக்கவில்லை.

அந்தப் பெயரில் உண்மையில் இருப்பது, டெரன்ஸ் மெக்நாலி எழுதி 1998இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தியேட்டர் கிளப்பில் அரங்கேறிய மேடை நாடகம். டெக்சாஸ் மாநிலத்தில் அதே பெயர் கொண்ட ஊரில் பிறக்கும், இயேசுவின் சாயலில் படைக்கப்பட்ட ஜோஷுவாவையும், அவனைக் காட்டிக்கொடுக்கும் யூதாஸையும் சுற்றி அது நகர்கிறது. மிரட்டல்கள் வந்ததால் அரங்கத்தார் முதலில் நாடகத்தைக் கைவிட்டு, சக நாடகாசிரியர்கள் கண்டித்த பின்னர் மீண்டும் ஏற்றுக்கொண்டனர் என்பதை அந்நாளைய அமெரிக்க நாளேடுகளில் எவரும் சரிபார்க்கலாம்.

2011இல் வந்தது, இந்நாடகத்தை நடத்திய குழுவைப் பற்றிய ஆவணப்படம் மட்டுமே. யான் கோமாசா இயக்கிய 2019ஆம் ஆண்டுப் போலந்துப் படத்துக்கும் ஆங்கிலத்தில் இதே தலைப்புதான் என்றாலும், ஆஸ்கர் பரிந்துரை பெற்ற அப்படம் பாதிரியாராக வேடமிடும் ஓர் இளைஞனின் கதை. குழப்பத்துக்கு இந்தப் பெயரொற்றுமையும் இடம் தருகிறது.

நாடகம் ஒருவர் மனத்தைப் புண்படுத்தக்கூடும். அது தனி விவாதம். இல்லாத படத்தைத் தடுக்கச் சொல்லும் இச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்; அனுப்பியவரிடமும் இவ்விவரத்தைப் பொறுமையாகத் தெரிவியுங்கள்.