வெக்கைக்கு எந்த சங்கீதம்? ராகத்தின் பேரைப் பார்த்து எடுக்காதீர்கள்

பங்குனி பிறந்ததும் முகநூலில் ஒரு பதிவு சுற்ற ஆரம்பித்துவிடும்: ‘வெயில் தாங்கலையா? அமிர்தவர்ஷினி கேளுங்கள்.’ கூடவே எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் ‘ஆனந்தாமிர்தகர்ஷிணி’ பாடி மழை வரவழைத்த கதையும் வரும். கதை இருக்கட்டும். மத்தியானம் ரெண்டு மணிக்கு, நாகர்கோவிலில் ஒரு கான்கிரீட் வீட்டில், இலை அசையாத புழுக்கத்தில் அந்த ராகத்தைப் போட்டுப் பாருங்கள். ஸ க ம ப நி, ஐந்தே ஸ்வரம். ரிஷபமும் தைவதமும் இல்லாததால் எல்லாம் தாவல்தான். பிரதி மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்கும், காகலி நிஷாதத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கும் ஓயாத இழுப்பு. பாடுபவர்களும் பெரும்பாலும் விறுவிறுவென்றே பாடுகிறார்கள். மழைக்கு முந்தைய இறுக்கம் அதில் உண்டு, மழைக்குப் பிந்தைய ஆறுதல் இல்லை. சித்திரையில் மலைப்பக்கம் வானம் கறுத்து, கோடைமழைக்கு இடி முழங்கும் சாயங்காலத்துக்கு அது அருமையான ராகம். உச்சி வெயிலுக்கு ஆகாது.

ராகத்தின் பேரில் குளிர்ச்சி தேடுவது வீண் என்பதற்கு இன்னொரு ருசு தருகிறேன். இந்துஸ்தானியில் மத்மாத் சாரங் உச்சிப்பொழுதுக்குரிய ராகம். மேக் மழைக்காலத்து ராகம். ரெண்டுக்கும் ஸ ரி ம ப நி என்று அதே ஐந்து ஸ்வரங்கள். நம் மத்யமாவதிக்கும் அவைதான். எந்த ஸ்வரத்தில் நிற்கிறார்கள், எப்படி அசைக்கிறார்கள், எவ்வளவு நிதானமாக நகர்கிறார்கள் என்பதில்தான் ஒன்று வெயிலாகவும் இன்னொன்று மழையாகவும் ஆகிறது. கர்நாடக சங்கீதத்தில் பருவத்துக்கு இன்ன ராகம் என்ற கட்டுப்பாடும் கிடையாது. நேரத்துக்கு ராகம் என்பது உண்டு, மேடையில் அதுவும் தளர்ந்துவிட்டது. ஆகவே கோடையில் நான் முதலில் பார்ப்பது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். ராகம் அப்புறம்.

சௌக்க காலம், அதாவது நிதானமான நடை என்றால் பாடகர் எம்.டி. ராமநாதனை (1923–1984) விட்டுப் பேச முடியாது. தாழ்ந்த சுருதி, கனத்த சாரீரம், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் தாராளமான இடைவெளி. அவர் பாடிய சஹானாவோ ஆனந்தபைரவியோ ஓடும்போது நாம் பின்னால் ஓட வேண்டியதில்லை, பாட்டு நம் மூச்சுக்கு இறங்கி வருகிறது. ‘இழுக்கிறார்’ என்று குறை சொல்பவர்கள் மே மாதம் மதியம் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லட்டும். டி. பிருந்தா (1912–1996) பாடிய பதங்களும் இதே ரகம். கற்பனையாக ஸ்வரம் பாடும் கல்பனாஸ்வரம் கிடையாது, மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனம் கிடையாது, ஒரு அடியைத் திரும்பத் திரும்பச் சாவகாசமாகச் சொல்வதோடு சரி. வீணை என்றால் மிருதங்கம் சேராத பதிவாகவோ, மிருதங்கம் அடக்கி வாசித்த பதிவாகவோ எடுங்கள். தண்டியில் காண்டாக்ட் மைக் ஒட்டி வாசித்த பதிவுகளில் மீட்டு ஒவ்வொன்றும் உலோகச் சத்தமாகக் காதில் குத்தும். வெக்கையில் அது இரட்டிப்பாகத் தெரியும்.

தவிர்க்க வேண்டியவை: நாதஸ்வரத்தை அடைத்த அறையில் போடாதீர்கள். அது திறந்தவெளி வாத்தியம். வீதி இல்லாமல் கேட்டால் தலைவலிதான் மிச்சம். நீண்ட தனி ஆவர்த்தனம், துரித கால ராகம் தானம் பல்லவி, அதிவேக வயலின் ஜுகல்பந்தி எல்லாவற்றையும் ஆடிச் சாரலுக்கு ஒதுக்கி வையுங்கள்.

இனி நேரம். நம் கன்னியாகுமரி மாவட்டம் சின்னதுதான், ஆனால் வெக்கை ஊருக்கு ஊர் வேறு. குளச்சல், முட்டம் பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே காற்று தேங்கிப் பிசுபிசுக்கும், சில்வண்டுச் சத்தம் வேறு. ஆரல்வாய்மொழியில் கணவாய்க் காற்று ஜன்னலை அடிக்க ஆரம்பித்தால் மென்மையான வீணையெல்லாம் எடுபடாது, குரலிசைதான் சரி.

விடியற்காலை அஞ்சு, அஞ்சரைதான் கோடையில் இருப்பதிலேயே நல்ல கேட்கும் நேரம். ஃபேன் வேண்டாம், தெருவில் வண்டி இல்லை. பௌளி, மலயமாருதம், பிலஹரி எது போட்டாலும் தம்புராவின் இழை வரைக்கும் காதில் விழும். மதியத்துக்குப் பிருந்தாவன சாரங்கா. நம் நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை திருவிதாங்கூர்ப் பக்கத்து மண். திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் (1813–1846) அதே ராகத்தில் ‘சலியே குஞ்ஜனமோ’ என்று ஹிந்தியில் ஒன்று செய்திருக்கிறார். சோலைக்குப் போகலாம் வா என்று கூப்பிடும் பாட்டு, துள்ளாமல் பாடியிருந்தால் மதியத்துக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. சாயங்காலம் பூர்விகல்யாணி. வடிவீஸ்வரத்தில் பிறந்து பத்மநாபபுரத்தில் வாழ்ந்த நீலகண்ட சிவன் (1839–1900) செய்த ‘ஆனந்த நடமாடுவார்’ இருக்கவே இருக்கிறது. நம்மூர்க்காரர் என்பதையே நம்மில் பாதிப் பேர் மறந்துபோனோம் என்பது தனி வருத்தம்.

இரவு கொஞ்சம் சிக்கல். பகலெல்லாம் குடித்த சூட்டை மொட்டைமாடித் தளம் பத்து, பதினோரு மணி வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. அந்தச் சூடு அடங்குவதற்கு முன்னால் நீலாம்பரி போட்டால் தூக்கம் வராது, எரிச்சல்தான் வரும். அதுவரை யதுகுலகாம்போஜி, துவிஜாவந்தி என்று ஓட்டிவிட்டு நீலாம்பரியைக் கடைசிக்கு வையுங்கள். பக்கத்துக் கோயிலில் கொடை (திருவிழா) என்றால் அந்த ராத்திரி விட்டுவிடுங்கள். வில்லிசைக்கும் நையாண்டி மேளத்துக்கும் நடுவில் சௌக்க காலம் கேட்க முடியாது. வில்லிசையையே ரசித்துக் கேட்பது மேல்.

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ‘கோடைக்கானவை’ என்று வரும் பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். வட ஐரோப்பாவுக்குக் கோடை கொண்டாட்டம், அதனால் பட்டியல் முழுக்கக் குதூகலம். இத்தாலிக்கார விவால்டி கதை வேறு. 1725இல் வெளியான ‘நான்கு பருவங்க’ளில் கோடைக்கு ஜி மைனர் என்ற ஸ்வர வரிசையைப் பிடித்தார். வெயிலில் மனிதனும் மந்தையும் துவண்டு கிடப்பதில் தொடங்கி, ஈத்தொல்லையைக் கடந்து, கடைசியில் ஆலங்கட்டி மழையில் முடியும். நம் சித்திரையை அறிந்தவர் போலத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அமிர்தவர்ஷினிக்குச் சொன்ன அதே காரணத்துக்காக அதையும் மதியம் கேட்க மாட்டேன். மதியத்துக்கு பிரெஞ்சுக்காரர் தெபுஸ்ஸியின் ‘ஒரு ஃபானின் மதியம்’ முன்னிசை (1894): தனிப் புல்லாங்குழல் சோம்பலாக இறங்கி வருவதில் ஆரம்பம், மொத்தம் பத்து நிமிடம்.

கேட்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதல் எதிரி சீலிங் ஃபேன். அதன் உறுமல் தம்புராவின் மந்தர ஷட்ஜத்தையும் மிருதங்கத் தொப்பியின் (இடப்பக்கத் தோல்) நாதத்தையும் மூடிவிடும். உடனே சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டினால் குரலும் வயலினும்தான் கூர்மையாக ஏறும், மூடின நாதம் மூடினபடியே இருக்கும். பதிலாக ரெகுலேட்டரை அஞ்சிலிருந்து ரெண்டுக்குக் குறைத்து, ஸ்பீக்கரை நாலைந்து அடி தூரத்தில், காது உயரத்துக்கு ஒரு ஸ்டூலில் வையுங்கள். மூலையில் வைத்தால் தொப்பி ‘பொம் பொம்’ என்று வீங்கும், சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கட்டும். மொசைக் தரையும் வெறும் சுவருமாக இருந்தால் எதிரொலி சேரும், ரெண்டு பாய் விரித்தாலே பெருமளவு அடங்கும். காதுக்குள் செருகும் இயர்போன் வியர்வையில் வழுகி இடைவெளி விழுந்தால் கீழ்ச்சுருதி முழுக்கப் போய்விடும்.

அடுத்தது ஷஃபிள். ஆண் குரலின் சுருதி பெரும்பாலும் 1, 1½ கட்டை. பெண் குரல் 4½ முதல் 5½. மாறி மாறி வந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் காது புதிதாக ஷட்ஜம் தேட வேண்டும், களைப்பு அதில்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரே சுருதியில் நாலைந்து உருப்படிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் கோயில் திடலில் நேரடிக் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் மிருதங்கக்காரர் மேல் எரிச்சல்படாதீர்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து வலந்தலை (வலப்பக்கம்) சுருதியிலிருந்து இறங்கும், அதனால்தான் பாட்டுக்குப் பாட்டு கல்லும் கட்டையுமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். தொப்பியின் நடுவில் அப்பிய ரவை, மேடை ஃபேன் காற்றில் காய்ந்தால் ‘தொம்’ மெலிந்து மேலே ஏறும். அவர் விரலில் தண்ணீர் தொட்டுத் தடவுவது அதற்காகத்தான். வீணை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த ‘மேளம்’ என்ற மெழுகுப் படுகையின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை வைத்தால் மெழுகு இளகி மெட்டுகள் நகரும், பிறகு மேளம் கட்டுகிறவரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

பழைய கேசட் இன்னும் வைத்திருப்பவர்கள் கடலோர வீடுகளில் நிறையப் பேர். போடுவதற்கு முன் நாடாவைக் கடைசி வரை ஓட்டி, ஒருமுறை திரும்பச் சுற்றிவிடுங்கள். ஆனால் அதற்கு முன்பே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே வேண்டாம், ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். கரண்டு போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் ‘ங்ங்’ என்று இரைந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட விடுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.