ஆமாம், நான் கைடோடுதான் போனேன்

போன வாரம் நான் முகநூலில் போட்ட, இத்தாலியின் காப்ரி தீவுக்கு அம்மாவோடு போய்வந்த படங்கள், அவற்றின் கீழே நடந்த கூத்து, பிறகு ஒருவர் தன் சுவரில் எழுதிய அந்தப் பதிவு, எல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவர்களே பதினாறு பேர். ஒருவர் அனுப்பியிருந்தாலே போதும். பெயரைச் சொல்லப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப்போய் அவருக்கு லைக் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

“கைடின் பின்னால் போகும் மந்தை. காலையில் இறங்கும், மாலையில் ஏறும், நடுவில் நாலு செல்ஃபி. இதற்குப் பெயர் பயணமாம்!” இதுதான் அவர் எழுதியது. கூடவே, தான் ஆறு நாள் அங்கே தங்கித் ‘தீவோடு வாழ்ந்த’ பெருமையும், இந்தக் கூட்டத்தைத் ‘தீவு தாங்காது’ என்ற புலம்பலும். மேலே நான் போட்ட படகுப் படம். என் முகத்தையும் அம்மா முகத்தையும் மறைத்திருந்தார், அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது. அம்மாவின் அரக்குச் சுங்குடிச் சேலையை மறைக்கவில்லை. இத்தாலியக் கடலில் ஒரு படகில் சுங்குடிச் சேலை எத்தனை இருக்கும்? பார்த்த ஐந்தாவது நிமிடம் என் சித்தி போன் செய்துவிட்டார்.

சரி. ஆமாம், நான் கைடோடுதான் போனேன். பணம் கட்டி, முன்பதிவு செய்து, அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போய், அவர்கள் காட்டிய இடத்தில் உட்கார்ந்து, காட்டியதைப் பார்த்துவிட்டு வந்தேன். இதில் நான் வெட்கப்பட வேண்டியது எது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், அகப்படவில்லை.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. மூன்று மாத விசாவில் மியூனிக்கில் என் வீட்டுக்கு வந்தவளை நான்கு நாள் இத்தாலிக்குக் கூட்டிப் போனேன், அதில் ஒரு நாள் காப்ரி. எதிர்க்கரையில் இருக்கும் சொரென்டோவிலிருந்து ஃபெரியில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாமே, கைடு எதற்கு என்று கேட்கிறார்கள். போய்விடலாம். மரீனா கிராந்தே துறையில் இறங்கியதும் மேலே ஊருக்குப் போகிற ஃபுனிகுலர் என்ற மலை ரயிலுக்கு ஒரு வரிசை. தீவின் இன்னொரு ஊரான அனகாப்ரிக்குப் போகிற குட்டிப் பேருந்துக்கு ஒரு வரிசை. தண்ணீர் நீலமாக ஒளிரும் கடற்குகையான நீலக் குகைக்குப் படகு ஏற இன்னொரு வரிசை. சீசனில் இந்த மூன்றிலும் வெயிலில் நிற்க வேண்டும். என்னால் முடியும். அம்மாவால் பத்து நிமிடம் நிற்க முடியாது. இந்தக் கணக்கு போடத் தெரிந்துதான் நான் காசு கொடுத்தேன். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் முட்டிவலித் தைலம் பார்சல் அனுப்புகிறேன்.

நம்ம ‘தனிவழிப் பயணி’களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். ரோமப் பேரரசர் டைபீரியஸ் கி.பி. 27இலிருந்து சாகும்வரை, கிட்டத்தட்ட பத்து வருடம், காப்ரியில்தான் இருந்தார். கிழக்கு முனையில் அவர் கட்டிய வில்லா யோவிஸ் இன்றும் இடிந்து கிடக்கிறது. அவர் தீவுக்கு வந்த சில நாளிலேயே ஒரு மீனவன், பாதையே இல்லாத பின்பக்கப் பாறையில் தானாக வழி கண்டுபிடித்து ஏறி, பெரிய மீன் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுபோய் நீட்டினானாம். திடுக்கிட்டுப்போன பேரரசர் அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். ‘நல்லவேளை, பிடித்து வைத்திருந்த பெரிய நண்டைக் கொண்டுவரவில்லை’ என்று அவன் வாயைவிட, நண்டையும் வரவழைத்துத் தேய்த்தார்களாம். ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். காப்ரியில் கைடு இல்லாமல் சொந்தமாக வழி கண்டுபிடித்த முதல் ஆள் இவன்தான் என்று நான் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இதைப் படகில் எங்களுக்குச் சொன்னது யார்? அந்தக் கைடு பெண்தான். இருபத்தைந்து வயது இருக்கும்.

இன்னொன்று. ‘கண்டடைதல்’ என்ற சொல் அவர் பதிவில் மூன்று முறை வருகிறது. நீலக் குகையை 1826இல் ‘கண்டடைந்தவர்’ என்று புத்தகங்கள் சொல்வது அவுகுஸ்ட் கோபிஷ் என்ற ஜெர்மானியரை. அவரை அங்கே கூட்டிப் போனது ஆஞ்செலோ ஃபெர்ராரோ என்ற உள்ளூர் மீனவர். ஊர்க்காரர்களுக்கு அந்தக் குகை காலங்காலமாகத் தெரியும். பேய் இருக்கிறது என்று ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆக, காப்ரியின் புகழ்பெற்ற கண்டடைதலே கைடு வைத்து நடந்ததுதான். கோபிஷும் மந்தைதான் போல.

படகில் நாங்கள் மொத்தம் பதினோரு பேர். கைடு தூக்கிப் பிடிக்கிற கொடியெல்லாம் இல்லை. கோட்ஸோ என்று அந்த ஊரில் சொல்லும் மரப்படகு. அம்மா இதற்கு முன் கடலில் படகு ஏறியது ஒரே முறை, கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு, கல்யாணமான புதிதில். ஈரம் காயாத லைஃப் ஜாக்கெட்டின் வாடையைப் பற்றி நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். இங்கே ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் குனிந்து ஜாக்கெட்டை மோந்து பார்த்தாள். “வாடையே இல்லட்டி” என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஃபராலியோனி என்று கடலுக்குள் நிற்கும் மூன்று பாறைகள், உயரமானது நூறு மீட்டருக்கு மேல். நடுப்பாறையில் ஒரு வளைவு, படகு அதற்குள் நுழைந்து போகும். அந்த வளைவுக்குள் முத்தம் கொடுத்துக்கொண்டால் அதிர்ஷ்டம் என்று படகோட்டி அறிவித்தார். உடனே முன்வரிசைத் தம்பதி ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சட்டென்று பையில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. குனிந்து, தேடி, உப்பு நார்த்தங்காய் டப்பாவை எடுத்தாள். படகில் குமட்டும் என்று ஊரிலிருந்தே கொண்டுவந்தது. வளைவு தாண்டும்வரை தலை நிமிரவில்லை.

கைடு பெண் டப்பாவைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். அம்மா ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கண் இரண்டும் மூடி, தோள் குலுங்கி, பிறகு கையை நீட்டி இன்னொரு துண்டு கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கீழே போய் உள்ளங்கையை நிறைக்கிற அளவு ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். தோலுக்கு அடியில் விரல் கனத்துக்கு வெள்ளைச் சதை. வட்டமாக அரிந்து, உப்புத் தூவி, முதல் துண்டை அம்மாவுக்குத்தான் கொடுத்தாள். “ஏட்டி, இது நம்ம நார்த்தங்காய்லா! கசப்பே இல்லையே!” கடைசிப் பாறையில் மட்டும் நீல நிறப் பல்லி ஒன்று வாழ்கிறது என்று அப்புறம் அந்தப் பெண் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். அம்மா அந்தப் பாறை கண்ணுக்கு மறையும்வரை பல்லியைத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. மந்தைக்கு அகப்படாத பல்லியாக இருக்கும்.

நீலக் குகைக்குள் நாங்கள் போகவில்லை. அதையும் நக்கலடித்திருந்தார், “காப்ரி போய் நீலக் குகை பார்க்காதவர்கள்” என்று. வாசல் தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் உயரம்தான் இருக்கும். சின்னத் துடுப்புப் படகில் எல்லோரும் மல்லாக்கப் படுக்க, படகோட்டி சங்கிலியைப் பிடித்து, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் இழுத்து உள்ளே விடவேண்டும். கடல் கொஞ்சம் ஏறினாலும் மூடிவிடுவார்கள். அன்றைக்கு ஏறியிருந்தது. கைடு வைக்காமல் போயிருந்தால் அலை இறங்கிவிட்டிருக்குமா? படகைத் தள்ளி நிறுத்தி, வாசலுக்குக் கீழே தண்ணீருக்குள் இன்னொரு பெரிய திறப்பு இருப்பதையும், வெயில் அதன் வழியாகத் தண்ணீரைத் துளைத்து வருவதால் சிவப்பெல்லாம் வடிந்து நீலம் மட்டும் உள்ளே சேர்வதையும் அந்தப் பெண் விளக்கினாள். அம்மா வாசலைப் பார்த்து, “உள்ள போவாட்டா என்ன, திருச்செந்தூர்ல கூட்டத்துல வெளிய நின்னு கும்பிட்டுட்டு வரலையா?” என்றாள். எனக்கு இருந்த வருத்தமும் அதோடு போனது.

இனி வரப்போகிற பின்னூட்டங்கள் எனக்குத் தெரியும்.

காசுத் திமிர் என்பார்கள். ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆனது, ஒளிக்கவில்லை. எட்டு மாதம் சேர்த்த காசு. பியாசெத்தா சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தால் ஒரு விலை, பாரில் நின்று குடித்தால் வேறு விலை என்று எச்சரித்ததும் கைடுதான். நின்றுதான் குடித்தோம், அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். வேலையை விட்டுவிட்டு ஆறு நாள் ‘தீவோடு வாழ்வது’ ஏழைகள் செய்கிற காரியமா? ஆறு நாள் காப்ரியில் அறை எடுக்க என்ன ஆகும் என்று அவர் எழுதியதாக நினைவில்லை.

அப்புறம் கூட்டம். இதில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். பத்துச் சதுர கிலோமீட்டர் சொச்சம் தீவு. கோடையில் அங்கே வாழ்பவர்களைவிட வந்து போகிறவர்கள் அதிகமாகிவிடும் நாள்கள் உண்டு. தண்ணீரே எதிர்க்கரையிலிருந்து கடலுக்கடியில் குழாய் வழியாகத்தான் வருகிறது. 2024 ஜூனில் அந்த வரத்து நின்றுபோய், சுற்றுலாப் பயணிகள் இறங்கக் கூடாது என்று மேயர் உத்தரவே போட்டார், அன்றைக்கே நீக்கவும் செய்தார். இறங்குவதற்கான வரியை அந்த வருடமே சீசனில் 5 யூரோவாக ஏற்றினார்கள். எல்லாம் தெரியும். ஆனால் தண்ணீர் இல்லாத தீவில் ஆறு நாள் தங்கி ஆறு நாளும் குளித்தவர், ஐந்து மணி நேரம் இருந்து ஒரு காபி குடித்தவளைப் பார்த்து ‘தீவு தாங்காது’ என்று சொல்வதுதான் எனக்குச் செரிக்கவில்லை. இது சரியான வாதமா என்று கேட்டால் தெரியாது. சூழலியல் நண்பர்கள் மன்னிக்கவும், இன்றைக்கு நான் அந்த மனநிலையில் இல்லை.

என் அப்பா இருந்தவரை வருடத்துக்கு ஒரு முறை எங்கள் தெருவிலிருந்து கோயில் டூர் பஸ் கிளம்பும். நவக்கிரகக் கோயில்கள், ராமேஸ்வரம், ஒரு முறை மந்திராலயம் வரை. பஸ்காரர் விசில் ஊதினால் நாற்பது பேரும் இறங்குவோம், ஊதினால் ஏறுவோம். எங்கள் தெருப் பெண்கள் ஊரைத் தாண்டியதே அந்த விசிலால்தான். இல்லையென்றால் எந்த வீட்டில் அவர்களைத் தனியாக அனுப்பியிருப்பார்கள்? மந்தை என்று சொல்லிவிடுவது சுலபம்.

அந்தப் பஸ்ஸில் இந்தப் பயணக்காரரும் வந்திருக்கிறார். ஆமாம், ஒரே தெருதான். கும்பகோணத்தில் விசில் ஊதியும் வராமல் போன இவரைத் தேடிப் போய்க் காதைப் பிடித்துக் கூட்டிவந்தது எங்கள் அம்மாதான். அந்தச் சேலையை அடையாளம் தெரியவில்லையாம். சேலையைத் தெரியாமல் இருக்கலாம், ஆளைத் தெரியாதா?

மூன்று வருடத்துக்கு முன்னால், அப்பா போன பிறகு, இவனிடம்தான் முதலில் கேட்டேன் (‘அவர்’ எங்கே போனார் என்று கேட்காதீர்கள், இனி வராது). அம்மாவை எங்காவது வெளிநாடு கூட்டிப் போக வேண்டும், எங்கே போகலாம் என்று. வாட்ஸ்அப்பில் சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. அதற்குக் கீழே, “அம்மாவ எல்லாம் கூட்டிட்டுப் போனா ரசிக்க முடியாது. காசி ராமேஸ்வரம்னு அனுப்பி வை.” நான் அன்றைக்குப் பதில் எழுதவில்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன் போல.

அனகாப்ரியிலிருந்து மொண்டே சொலாரோ உச்சிக்கு ஒரு சேர் லிஃப்ட் போகிறது. உச்சி 589 மீட்டர். ஒரு நாற்காலிக்கு ஒரே ஆள். பதின்மூன்று நிமிடம், தோட்டங்களுக்கும் கொடி படர்ந்த வீடுகளுக்கும் மேலே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. அம்மாவை ஏற்றலாமா என்று நான் தயங்கிக்கொண்டு நிற்க, கைடு பெண் லிஃப்ட்காரரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் அம்மாவின் முழங்கையைப் பிடித்து, நாற்காலி வந்ததும் ஒரே மூச்சில் உட்காரவைத்து, கம்பியைச் சாத்திவிட்டார். நான் அடுத்த நாற்காலி. முன்னால் அம்மாவின் முதுகும் கொண்டையும்தான் தெரிகிறது. பயந்துவிடுவாளோ என்று “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மேலே போய் இறங்கியதும் பார்க்கிறேன், இரண்டு செருப்பையும் கழற்றி மடியில் வைத்திருக்கிறாள். கீழே யார் வீட்டு முற்றத்திலாவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று.

“ஏன் திரும்பிப் பார்க்கல?” என்று கேட்டேன். “நீ பேசிட்டே இருந்தா நான் எப்ப பாக்க?” என்றாள்.

முந்தாநாள் ராத்திரி, போனை என்னிடம் நீட்டி, “ஏட்டி, மந்தைன்னு எழுதிருக்கானே, அது என்னையும் சேத்தா?” என்று கேட்டாள். அம்மாவுக்கு முகநூல் கணக்கு இருக்கிறது, தமிழ் நன்றாகவே படிப்பாள். எழுதுகிறவர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்திருக்கலாம். நான் இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

படங்களை நீக்கச் சொல்லி இரண்டு பேர் அக்கறையாக இன்பாக்ஸில் வந்தார்கள். நீக்கமாட்டேன். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அம்மா நிற்கிற படம் ஒன்றும் இருக்கிறது. அவளிடம் கேட்டுவிட்டேன், நாளைக்குப் போடுகிறேன்.