ஊரா, லோக்கலா?

எங்கள் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் போன செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்து விழுந்தது. முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஞாயிறுதோறும் வெளிநாட்டு ஊழியர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள், அங்கேயும் கம்பிக்கதவு போடச் சொல்லி எழுதப் போகிறோம், சம்மதிக்கிறவர்கள் பெயரும் வீட்டு எண்ணும் போடுங்கள் என்று. இரவு சாப்பாட்டுக்குள் 27 பேர் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை லிப்டில் எதிர்வீட்டு ஆன்ட்டி, "என்னம்மா, உன் பேரைக் காணோமே?" என்றார். "பாக்குறேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்துவிட்டேன். அந்தப் "பாக்குறேன்" தொண்டையிலேயே நிற்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிங்கப்பூரில், தேக்காவில் வளர்ந்தவள். பிறந்ததும் இங்கேதான், ஹாம்ப்ஷியர் ரோட்டில் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். என் வயதுச் சிங்கப்பூரர்களில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள். 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸில் ஏறிய இடம். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். நாடே தொழுவத்தில் பிறந்தது என்று என் தாத்தா கேலி செய்வார்.

"லிட்டில் இந்தியா" என்ற பெயர் 1980களில் சுற்றுலாத் துறை கொண்டுவந்தது. நாங்கள் யாரும் அப்படிச் சொல்லி வளரவில்லை. எங்களுக்குத் தேக்கா, இல்லாவிட்டால் சிராங்கூன் ரோடு. தேக்கா என்பது ஹொக்கியன் சீனர்கள் வைத்த பெயர், மூங்கில் புதரின் அடி என்று பொருள். மலாய்க்காரர்களுக்கு எருமை கண்ணில் பட்டது. நம் ஆட்களுக்குச் சுண்ணாம்புச் சூளை. வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று ஒரு பழைய பெயர் உண்டு என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமா, தெரியவில்லை. மூங்கில், எருமை, சுண்ணாம்பு. அவரவர் வேலை செய்த இடத்தில் எது இருந்ததோ அதுதான் பெயராயிற்று.

தெருப் பெயர்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. கிளைவ் தெரு, டல்ஹவுசி சந்து என்று கல்கத்தாவையே தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறான் வெள்ளைக்காரன். பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வியாபாரம் செய்த ஒரு யூதரின் பெயர். டெஸ்கர் ரோடு, கசாப்பு வியாபாரம் செய்த யுரேஷியர் ஒருவருடைய குடும்பப் பெயர். கெர்பாவ் ரோட்டில் சுற்றுலாக்காரர்கள் வரிசை கட்டிப் படம் எடுக்கிறார்களே, அந்த வண்ண வண்ணச் சன்னல் வீடு, அது 1900இல் ஒரு சீன மிட்டாய் வியாபாரி கட்டியது. சின்ன இந்தியாவின் அடையாளப் படம் ஒரு சீனர் வீடு! எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை, ரொம்பப் பிடிக்கும். இந்தச் சாலையில் யாரைச் சுரண்டிப் பார்த்தாலும் கீழே ஒரு கப்பல் தெரியும்.

பொங்கல் சமயத்தில் கேம்பல் லேனில் பண்ணையிலிருந்து மாடு கொண்டுவந்து கட்டுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். மாட்டாலேயே பெயர் வாங்கிய பேட்டையில் மாட்டை லாரியில் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கிறது. சரி, அது காலம். மாடு திரும்பி வரப்போவதில்லை. ஆனால் மனிதர்கள் இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

தாத்தா 1948இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். மேல்தளப் பயணி. வந்து இறங்கியதும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை, தங்கியது ரோவல் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடி. ஒரே அறையில் 18 பேர். கட்டிலுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. ராத்திரி வேலைக்காரர் வந்து படுக்கும்போது பகல் வேலைக்காரரின் சூடு பாயில் இருக்கும் என்பார். அறைக்குள் உட்கார இடம் ஏது? ஞாயிறு வந்தால் கீழே ஐந்தடிப் பாதையில்தான், அதாவது கடைகளின் முன்னே கூரை போட்ட நடைபாதையில்தான், உட்காருவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். இவர்கள் உட்காரக் கூடாது என்று கடைக்காரர் காலையிலேயே படியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வைப்பாராம். இவர்கள் பழைய சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவார்களாம். தாத்தா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பாட்டி மட்டும் சிரிக்க மாட்டார்.

நான் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது நாங்கள் கடைவீட்டை விட்டு அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு (வீவக) மாறினோம். நடந்து போகிற தூரம்தான். தாத்தாவுக்குத் தனி அறை கிடைத்தது. இரண்டு மாதம் அவருக்கு அதில் தூக்கமே வரவில்லை.

அப்புறம் 1989 ஜூலை 7. சைனாடவுன், கம்போங் கிளாம் எல்லாவற்றோடும் சேர்த்து எங்கள் பேட்டையையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அது இல்லாவிட்டால் இந்தக் கடைவீடுகள் நின்றிருக்காது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஓடு எப்படி இருக்க வேண்டும், சன்னல் பலகை எப்படி இருக்க வேண்டும், ஐந்தடிப் பாதை எப்படி இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. தாத்தா படுத்த அறை மாதிரி அறைகள் இன்று சின்னச் சின்ன ஹோட்டல்கள். அடுக்குக் கட்டில்தான், ஆனால் இப்போது பயணப்பை சுமந்து வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு. அவர்கள் அதே ஐந்தடியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். அவர்களைப் பற்றி எங்கள் குழுவில் இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷியர் ரோடும் சேருகிற இடத்தில் ஒரு தமிழ்நாட்டுக் கட்டுமான ஊழியர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் எரிந்தது, போலீஸ் கார்கள் கவிழ்ந்தன. 40 ஆண்டுகளுக்கு மேலாகக் கலவரம் என்ற சொல்லையே கேட்காத ஊர் இது. 25 பேர் மேல் குற்றம் சாட்டினார்கள், 57 பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். என் சன்னலில் புகை வாசனை வந்தது. பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பயத்தை இப்போது இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் திங்கள். ஆபீஸில் காப்பி போடும் இடத்தில் ஒரு சீனத் தோழி, "உன் வீட்டுப் பக்கமாமே, நீ நன்றாக இருக்கிறாயா?" என்றுதான் கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. வேலைக்கு வந்தவர்கள். நாங்கள் லோக்கல்." அவள் அதைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அன்று எத்தனை உள்ளூர்த் தமிழர்கள் எத்தனை ஆபீஸில் இதையே சொல்லியிருப்பார்கள் என்று பிறகு நினைத்துப் பார்த்திருக்கிறேன். கோபப்படாதீர்கள், நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

டாக்சியில் ஏறினால் தமிழ் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "ஊரா, லோக்கலா?" என்று கேட்பார். லோக்கல் என்றதும் பேச்சின் தொனியே மாறும், வாடகை ஏறியது, பிள்ளைகள் தமிழ் பேசவில்லை என்று சொந்தக் கதை வரும். ஊர் என்றால் எந்த ஊர், எவ்வளவு சம்பளம். ரஜூலாவில் வந்த தாத்தாவை இறங்கிய அன்று கேட்டிருந்தால் ஊர் என்றுதான் சொல்லியிருப்பார். அவர் எந்தத் தேதியில் லோக்கல் ஆனார்?

2015இல் நடந்த இரண்டு விஷயங்களை யாரும் சேர்த்துப் பேசிப் பார்த்ததில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நாடு முழுக்க இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது, ஆனால் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனி மண்டலம். இங்கே சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. அடுத்த மாதம், மே 7ஆம் தேதி, கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். இங்கே கப்பலேறி வந்து உழைத்தவர்களின் கதையைச் சொல்கிற அழகான கட்டடம், இரவில் விளக்குப் போட்டால் இன்னும் அழகு. என் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன், பெருமைப்பட்டிருக்கிறேன். நாங்கள் போனது ஒரு ஞாயிறு. வெளியே வந்ததும் தெருமுனையில் ஆட்களின் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடந்துவிட்டேன்.

குடியால் தொல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது, கலவரத்தை விசாரித்த குழுவே குடியையும் ஒரு காரணமாகச் சொன்னது. கீழ்த்தளத்தில் பாட்டில் உடைந்து கிடக்கும். லிப்ட் ஓரத்தில் மூத்திர நாற்றம். ஞாயிறு மாலை தனியாக நடக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எவரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை, ஆனால் ஆயிரம் ஆண்கள் நிற்கிற தெருவில் ஒரு பெண்ணுக்கு வருகிற கூச்சம் அது, அதை யாரும் எனக்கு விளக்க வேண்டாம். கீழ்த்தளத்தில் முதல்முறை கம்பித் தடுப்பு போடச் சொன்ன கடிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது. நீல மையில், தெளிவாக.

2020இல் கொரோனா வந்ததும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளைப் பூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா காலியானது. முதல் இரண்டு வாரம், உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. மூன்றாவது வாரம் பூக்கடைக்காரர் கட்டிய சரத்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து மாலைவரை வைத்துக்கொண்டிருந்தார். பணம் அனுப்பும் கடைகள் பாதி சாத்தியிருந்தன. ஒன்றரை வருடம் கழித்து, 2021 செப்டம்பர் 15ஆம் தேதி, சோதனை முயற்சியாக 80 பேரை அழைத்துவந்தார்கள். நான்கு மணி நேரம். 2022 ஜூனுக்குப் பிறகும் ஞாயிறு, பொது விடுமுறைகளில் இங்கே வர அவர்கள் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. நான் மாஸ்க் போட்டுக்கொண்டு கீழே போய்க் கொத்தமல்லி வாங்கிவந்தேன், யாரும் என்னிடம் சீட்டுக் கேட்கவில்லை.

இப்போது அந்தப் படிக்கட்டு. ஒரு மாதம் முன்பு லிப்ட் வேலை செய்யவில்லை, கையில் காய்கறிப் பையோடு ஏறினேன். திருப்பத்தில் ஒரு பையன், முப்பது வயது இருக்கலாம், செய்தித்தாளை விரித்து அதன்மேல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தான். காதில் போன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் எழுந்த வேகத்தில் ரசம் கட்டியிருந்த பை உருண்டு படியில் ஊற்றிக்கொண்டது. "சாரிக்கா, சாரிக்கா" என்று சொல்லிக்கொண்டே அந்தச் செய்தித்தாளாலேயே படியைத் துடைத்தான். நான் ஒன்றுமே சொல்லவில்லை. முறைக்கக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட வேண்டும் என்று அவன் உடம்புக்கே பழகியிருக்கிறது. "உட்காருங்க தம்பி, சாப்பிடுங்க" என்றேன். அவன் உட்காரவில்லை. நான் இரண்டு மாடி ஏறித் திரும்பிப் பார்க்கும்போதும் சோற்றைக் கையில் ஏந்தியபடி நின்றுகொண்டுதான் இருந்தான். குழந்தை அந்தப் பக்கம், "அப்பா, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

விரித்திருந்தது செய்தித்தாள். தாத்தாவுக்குச் சாக்கு.

"அவர்களுக்குத்தான் விடுதிப் பக்கத்திலேயே பொழுதுபோக்கு நிலையம் கட்டிக் கொடுத்திருக்கிறதே, இங்கே ஏன் வர வேண்டும்?" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ஆறு நாள் அதே ஆட்களோடு அதே லாரியின் பின்னால் உட்கார்ந்து போகிறவன் ஏழாவது நாளும் அவர்களோடேயே கேரம் ஆட வேண்டுமா? துவாஸிலிருந்து ஒரு மணி நேரம் பயணம் செய்து அவன் இங்கே வருவது ஊருக்குப் பணம் அனுப்ப, கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்ற, வேறு கம்பெனியில் வேலை செய்கிற மச்சானைப் பார்க்க. பங்களாதேஷ் ஊழியர்கள் லெம்பு ரோட்டுத் திடலில் கூடுவதும் இதற்குத்தான். (லெம்பு என்றால் மாடு. இந்தப் பேட்டையில் எங்கே திரும்பினாலும் மாடுதான்.) நாங்கள் கடைவீதி சுற்ற ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போவதை யாராவது ஏன் என்று கேட்கிறார்களா?

கம்பிக்கதவு போடுவதைவிட எனக்குத் தோன்றுவது இதுதான். ஞாயிறு மட்டும் கூடுதலாகக் கழிவறை வையுங்கள், தேக்கா சந்தையில் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்கு லிப்ட் ஓரத்து நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். திடலில் பெஞ்சு போடுங்கள், குப்பைத்தொட்டியும் குழாயும் வையுங்கள். விடுதிக்குத் திரும்பும் இரவு வண்டியை இன்னும் கொஞ்சம் தாமதமாக விடுங்கள், வரிசையில் நிற்கும் நேரத்தில் அவன் நிம்மதியாகச் சாப்பிடுவான். இதற்கெல்லாம் செலவு ஆகும்தான். கம்பிக்கதவும் சும்மா வருவதில்லை. இவ்வளவும் செய்த பிறகும் எங்கள் படியில் வந்து சத்தம் போட்டால் நானே இறங்கிப்போய்ச் சத்தம் போடுவேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆன்ட்டி இதைப் படிப்பார் என்று தெரியும். ஆன்ட்டி, என் பெயர் வராது. முதல் கடிதத்தில் போட்ட கையெழுத்தையே திரும்ப வாங்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது பற்றிப் பேச வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இரண்டாம் மாடியில் கூடுவதாகக் குழுவில் போட்டிருக்கிறார்கள். நான் வருகிறேன். லிப்ட் மறுபடியும் வேலை செய்யவில்லை, படியில்தான் ஏற வேண்டும். திருப்பத்தில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், பார்த்துக் கொஞ்சம் ஓரமாக ஏறி வாருங்கள்.