பயாப்ஸி முதலில் வேண்டும்

யோனிச் சுவரில் தோன்றும், புற்றுநோய்க்கு முந்தைய திசு மாற்றங்களைக் குவித்த அல்ட்ராசவுண்ட் அலைகளால் கத்தியின்றி அழிக்கலாம் என்கிற கட்டுரை, முக்கியமான ஒன்றைத் தொடவே இல்லை. ஒலி அலைகளை ஓரிடத்தில் குவித்து, அங்குள்ள திசுவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி அழிக்கும் இம்முறையில் (லேசருக்கும் இதே குறை உண்டு) ஆய்வகத்துக்கு அனுப்பத் துண்டு எதுவும் மிஞ்சுவதில்லை என்பதால், ஊடுருவும் புற்று ஏற்கெனவே இருக்கிறதா என்பதைக் கால்போஸ்கோப் (யோனியைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வழியே பார்த்து, பயாப்ஸி (பரிசோதனைக்கான சிறு திசுத் துண்டு) எடுத்து, முன்கூட்டியே உறுதிசெய்தாக வேண்டும். குறிப்பாக, கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு யோனியின் மேல்முனையிலுள்ள தையல் மடிப்புகளுக்குள் இம்மாற்றங்கள் ஒளிந்திருக்கக்கூடும். அங்கே வெட்டி எடுத்துப் பரிசோதிப்பதே மேல் என்று எனக்குப் படுகிறது. இவற்றுக்குப் பெரும்பாலும் காரணமான எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) தொற்று நீடித்தால் மாற்றங்கள் மீண்டும் வரலாம் என்பதால், சிகிச்சைக்குப் பின்னும் பரிசோதனைகள் தொடரும் என்பதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம்.