ஊரை வரையச் சொல்கிறார்கள்

போன ஆண்டு சென்னையில் ஒரு குழுக் கண்காட்சி. ஓவியக் கல்லூரியில் எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேருடைய ஓவியங்களை மாட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் பெண்களின் கால்களை மட்டும் நான் வரைந்திருந்தேன். வெடித்த குதிகால்கள், தேய்ந்த செருப்புகள், ஓரத்தில் ஒரு தூக்குவாளி. பார்க்க வந்தவர்களில் இந்தத் துறையில் பெயர் பெற்ற ஒருவர் என் படத்தின் முன் நின்றார். படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் என்னைப் பார்த்தார்.

"எந்த ஊர்?"

"நாமக்கல் பக்கம்."

"அப்பா என்ன செய்கிறார்?"

"லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு பெரிய சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏனம்மா கால்களை வரைந்துகொண்டிருக்கிறாய்? லாரியை வரை. அதுதான் உன் அடையாளம்" என்றார்.

அடுத்த படம் என் தோழியுடையது. அவள் அண்ணா நகரில் பிறந்து வளர்ந்தவள். பெரிய கேன்வாஸ் முழுவதும் நீலம். அவளிடம் அந்த நீலத்தைப் பற்றிக் கேட்டார். எத்தனை அடுக்கு, ஏன் இந்த மூலையில் மட்டும் இவ்வளவு மெல்லிசு என்று விசாரித்தார். அவளுடைய அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அவர் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் உண்மை. மகிழ்ச்சியாக இருந்தது. மூன்று ஆண்டுகளாக "உன் மொழி எது, உன் பாணி எது" என்று கேட்டுக் கேட்டு என்னையே நான் துளைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து இரண்டே கேள்விகளில் விடையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நான்கு மாதங்கள் லாரிகளை வரைந்தேன். பின்பலகை, எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு, திருஷ்டி முகம், மாநிலம் மாநிலமாக அனுமதி எழுதிய நெற்றி. மொத்தம் ஏழு கேன்வாஸ். இரண்டு விற்றன. என் வாழ்க்கையில் ஓவியம் விற்று வந்த முதல் பணம் அது. ஊருக்கு அனுப்பினேன்.

அப்பா தீபாவளிக்கு முன் ஒரு வேலையாகச் சென்னைக்கு வந்தபோது மீதியிருந்த ஐந்து படங்களையும் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முதல் படத்தின் அருகே போய், கண்களை மூடிக்கொண்டு, உள்ளங்கையைப் படத்தின் மேல் மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினார். கேன்வாஸைத் தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வலது ஓரத்தில் அவர் கை நின்றது. "இங்கே ஏறி இறங்குகிறது பார். பட்டி சரியாகப் பார்க்கவில்லை" என்றார்.

ஏழு படங்களிலும் நான் லாரியை வரைந்திருந்தேன். லாரிக்கு வண்ணம் பூசும் மனிதரிடமிருந்து எனக்கு வந்தது எதுவும் அவற்றில் இல்லை என்பது அந்த ஓரத்தில் அவர் கை நின்றபோது புரிந்தது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சாலையோரமெங்கும் பாடி கட்டும் பட்டறைகள். தகரமும் மரமும் வேலை முடிந்து பெயின்டரின் கைக்கு வரும்போது வண்டி எலும்பும் தோலுமாக இருக்கும். மேடுபள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி போட வேண்டும். காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. பிரைமர், அதற்கும் ஒரு தேய்ப்பு. இவ்வளவுக்கும் பிறகுதான் எனாமல். அப்பா கண்ணை நம்ப மாட்டார். பளபளப்பில் கண் ஏமாந்துவிடும், உள்ளங்கை ஏமாறாது என்பார். எழுத்து எழுதும்போது சாக்பீஸ் பொடி தடவிய நூலை இருவர் பிடித்து இழுத்துச் சுண்டுவார்கள், கோடு விழும். இடது கையில் ஒரு குச்சியை ஊன்றி, அதன் மேல் வலது மணிக்கட்டை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் 'நா'வன்னாவின் துணைக்காலை இறக்குவார். இப்போது ஸ்டிக்கர் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் வெட்டிய எழுத்தை ஒட்டிவிடுகிறார்கள். அப்பா எழுத்து எழுதி வெகுநாளாகிறது. தேய்ப்பது மட்டும் மிச்சமிருக்கிறது.

முதலாமாண்டில் நாங்கள் கட்டுக் கட்டாக நியூஸ்பிரிண்ட் தாளை வரைந்து தீர்த்தோம். விடியற்காலையில் எழும்பூர் ரயில் நிலையம். பெட்டியின் மேல் தலை வைத்துத் தூங்குகிறவர்கள், டீ ஆற்றுகிறவர், தள்ளுவண்டி. ஆள் அசைவதற்குள் கோடு பிடிபட வேண்டும். வெயில் ஏறியதும் நடந்து போகும் தூரத்தில் அருங்காட்சியகம். அங்கே செப்புத்திருமேனிகள் அசையாமல் நமக்காகக் காத்திருக்கும். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆண் பக்கமும் பெண் பக்கமும் சந்திக்கும் அந்த நடுக்கோட்டைத் தேடினால் கிடைக்காது. இடுப்பு ஒரு பக்கம் வளைந்து கொடுக்கும்போதே தோள் மறுபக்கம் பதில் சொல்லிவிடுகிறது. ஒரு நாள் இடம் கிடைக்காமல் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். முதுகு, முன்பக்கத்துக்குக் கொஞ்சமும் குறையாத கவனத்துடன் செய்யப்பட்டிருந்தது. உற்சவமூர்த்திகள் வீதியில் சுமந்து செல்லப்படுபவை, எல்லாப் பக்கமும் ஆள் நிற்கும் என்று பிறகு ஆசிரியர் விளக்கினார். அலங்காரத்தில் துணியும் பூவும் மூடிவிடும் முதுகுக்கு இவ்வளவு உழைப்பா என்று அன்று நினைத்தேன். அப்பா வண்டியின் அடிப்பலகையையும் தேய்ப்பார் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

அடையாளம் என்றால் என்ன பொருளை வரைகிறோம் என்பதுதான் என்று யார் முடிவு செய்தார்கள்? மெரினாவுக்குப் போகிறவர்கள் உழைப்பாளர் சிலையைப் பார்க்காமல் வர முடியாது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிப் புரட்டுகிறார்கள். 1959-இல் நிறுவப்பட்டது. சென்னையின் உழைக்கும் மக்களுக்கு அதைவிடப் பொருத்தமான உருவத்தை நான் பார்த்ததில்லை. அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர்ப் பக்கத்துக்காரர். 1929-இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர். பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் தாக்கம் அவரிடம் உண்டு என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அந்த முதுகுத் தசைகளைப் பார்த்தால் யாரும் சொல்லித் தராமலே தெரியும். அந்த ரோடினோ, சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து மயங்கி 1913-இல் ஒரு கட்டுரையே எழுதியவர். இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. புகைப்படத்தில் பார்த்த உதட்டையும் கழுத்தையும் காலையும் பற்றி எழுதினார். சோழர் கால வார்ப்பு ஒரு பிரெஞ்சுக்காரரைத் தொடுகிறது. அந்தப் பிரெஞ்சுக்காரரின் வேலை ஒரு வங்காளியைத் தொடுகிறது. அந்த வங்காளி மெரினாவில் நமக்காக நான்கு பாட்டாளிகளை நிறுத்துகிறார். பள்ளியின் காவலாளியும் ஒரு மாணவரும்தான் அதற்கு மாடலாக நின்றார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். தினமும் கேட்டைத் திறந்துவிடுபவரின் தோளை நின்று பார்த்திருக்கிறார் அந்த மனிதர். ராய் சௌத்ரியிடம் யாராவது "ரங்பூரை வரை" என்று சொல்லியிருந்தால் நமக்கு அந்தச் சிலை கிடைத்திருக்குமா?

அடுத்து அந்தப் பள்ளியின் தலைமைக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில், மேற்கைப் பின்பற்றாத இந்திய நவீன ஓவியம் எப்படி இருக்கும் என்ற கேள்வி சென்னை ஓவியர்களை உலுக்கியது. பணிக்கர் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில் ஓவியம் படிக்க வந்தவர். 1963-இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் தெய்வ உருவத்தையோ கிராமத்துப் பெண்ணையோ நம்பி அவர் நிற்கவில்லை. கணிதக் குறிகள், எண்கள், ரோமன் எழுத்துகள், பிறகு மலையாள எழுத்துகள். படித்தால் பொருள் தராத எழுத்துகள். ஆனால் நம் பக்கத்து ஏட்டையும் ஜாதகக் கட்டத்தையும் பார்த்து வளர்ந்த கண்தான் அப்படி ஒரு பரப்பை நிரப்ப முடியும். அங்கே ஊர் எழுத்துகளின் இடைவெளிக்குள் இருக்கிறது. தலைப்பில் தேடினால் கிடைக்காது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடையாளத்தைப் பற்றி எங்களிடம் பேசுகிறவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. 1966-இல் பணிக்கரும் மற்றவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் சோற்றுக்கு வழி செய்தார்கள். எங்கள் ஊர்ப் பெருமையான நாமக்கல் கவிஞரும் பாட்டெழுதும் முன்பே உருவப்படங்கள் வரைந்து பிழைத்த ஓவியர். நாங்களும் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து வரைகிறோம், பள்ளிக்கூடச் சுவரில் வரைகிறோம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் என் லாரிகளை வாங்கியவர்கள் எதை வாங்கினார்கள் என்று யோசிக்கும்போது மனம் சுருங்குகிறது. பட்டறைப் பெயின்டரின் மகள் வரைந்த லாரி. அந்த முதல் பாதி இல்லாவிட்டால் அந்தப் படம் அந்தச் சுவரில் நின்றிருக்காது, அது எனக்குத் தெரியும். என் அப்பாவின் நுரையீரலுக்குள் போன தின்னர் வாடையை நான் ஒரு அலங்காரமாக்கி விற்றிருக்கிறேன்.

இதைப் படிக்கும் சில நண்பர்கள் வருத்தப்படக்கூடும். சேரியையும் செங்கல் சூளையையும் தறியையும் வயலையும் வரைகிறவர்கள் என்னோடு படிக்கிறார்கள். அவர்களில் இருவருடைய படங்களின் முன் நான் அழுதிருக்கிறேன். அவர்களுக்கு அது வந்தே தீர வேண்டிய விஷயம், வேறு எதையும் அவர்களால் இப்போது வரைய முடியாது. அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. வெளியிலிருந்து வந்து பட்டியல் போட்டுக் கொடுப்பவர்களோடுதான் வழக்கு. தறிக்காரர் மகனென்றால் தறி, மீனவர் மகளென்றால் வலை, எங்களில் தலித் மாணவர் என்றால் காயம். நகரத்தில் வசதியாகப் பிறந்தவருக்கு மட்டும் நீலம், வட்டம், வெளி, மௌனம் எல்லாம் திறந்து கிடக்கின்றன. என் தோழியின் நீலம் எனக்குப் பிடிக்கும், அவளுக்குக் கிடைத்த கேள்வி எனக்கும் கிடைக்க வேண்டும் என்கிறேன். எத்தனை அடுக்கு, ஏன் இந்த ஓரம் இப்படி என்று என்னையும் கேளுங்கள். அப்பா அதைத்தான் கேட்டார்.

இப்போது ஒட்டுப்பலகையில் வரைகிறேன். நானே பட்டி போட்டு, காய வைத்து, ஹாஸ்டல் குளியலறையில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிறேன். அறைத் தோழிகள் திட்டுகிறார்கள், வெள்ளைச் சேறு வடிகாலை அடைக்கிறது. ஒரு பலகைக்கு ஒன்பது நாள் ஆகிறது. அதன் மேல் மீண்டும் அந்த வராந்தாக் கால்களையே வரையத் தொடங்கியிருக்கிறேன். தேய்த்த பரப்பில் கரிக்கோல் வழுக்கிக்கொண்டு போகிறது, ஒரே இழுப்பில் விழுந்தால் உண்டு, அழித்துத் திருத்த இடமில்லை. குதிகாலின் வளைவில் மூச்சை அடக்கிக்கொள்கிறேன் என்பதைப் பக்கத்தில் இருந்த ஒருத்தி சொன்ன பிறகுதான் கவனித்தேன். எங்கிருந்து வந்தது என்று அவளிடம் விளக்கவில்லை.

மீதி ஐந்து லாரிகளும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. போன வாரம் அப்பா போனில் பேசும்போது, பட்டறையில் மாட்ட ஒன்று கொடு, பையன்கள் பார்க்கட்டும் என்றார். எது வேண்டும் என்று கேட்டேன். அந்த ஓரம் ஏறி இறங்கியதே, அதுதான் என்றார். சுரண்டிவிட்டு முதலிலிருந்து பட்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன், பொங்கலுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.