எதுக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்

போன மாதம் ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் தவணைப் பரீட்சை வினாத்தாள் பிரிண்ட் எடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து தாள்களை எண்ணிக்கொண்டு வரும்போது, ஒரு தாளின் பின்பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளையின் அடையாள அட்டை. கொப்பி சரியாக விழவில்லை என்று ஒதுக்கிய தாளை, வீணாக்க வேண்டாமே என்று கடையில் மறுபடி மெஷினில் போட்டிருக்கிறார்கள். முகம் கறுப்பாகப் பரவிக் கிடந்தது. ஆனால் பெயர் தெரிகிறது, இலக்கம் தெரிகிறது. அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் எடுத்திருந்ததால் தேயிலைத் தோட்டத்தின் பெயரும், தோட்டத்தின் எந்தப் பிரிவு என்கிற டிவிஷனும் கூடத் தெரிகிறது.

நான் பாடசாலையில் ஐசிடி படிப்பிக்கிற ஆள். இலக்கத்தைப் பார்த்ததுமே மனம் தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாள் கணக்கோடு 500 கூட்டியிருப்பார்கள். கொட்டகலை வருவதற்குள், முன்பின் தெரியாத ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பிறந்தநாளும், அவள் எந்த மலையில் எந்த டிவிஷனில் இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாள் என் கைக்கு வந்தது. வேறு யார் கைக்கும் வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அதை அடுப்பில் போட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. கடைக்காரத் தம்பியைத் திட்டவும் தோன்றவில்லை, அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு மலையகத் தோட்டத்து ஆட்களான எங்கள் எல்லோர் மேலும்தான் கோபம் வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் அப்பாயி இந்த மண்ணில் பிறந்தவர். 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவருக்கு ஐந்து வயது. அந்தச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தமிழரில் அவரும் ஒருவர். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேருக்கு 1974 வரை முடிவே இல்லை. அப்பாயியின் இரண்டு அண்ணன்மார் கப்பலேறிப் போனார்கள். அப்பாயி இங்கேயே நின்றுவிட்டார். விண்ணப்பம் போட்டார், பதில் இல்லை. திரும்பப் போட்டார், ஒரு பேப்பர் குறைகிறது என்றார்கள். எங்களுக்குக் குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அவருக்கென்று ஓர் அடையாள அட்டை கிடைத்தது. அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

அந்த அட்டையை அவர் ஒரு பால்மாப் பைக்குள் சுற்றி, தகர டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். பெட்டிச் சாவி முந்தானையில். வாக்களிக்கப் போகும்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும்தான் வெளியே எடுப்பார். போட்டோக்கொப்பி எடுக்கக் கொடுத்தால் மெஷின் பக்கத்திலேயே நிற்பார். அட்டை திரும்பக் கைக்கு வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார். ஒருமுறை கொப்பி இரண்டு விழுந்துவிட்டது. “ரெண்டாவதையும் குடு தம்பி, அதுவும் என் பேருதான்” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால், எங்கள் குடும்பத்தில் தரவுப் பாதுகாப்பு தெரிந்த ஒரே ஆள் எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிதான்.

அவ்வளவு பாடுபட்டு வாங்கிய அட்டை இப்போது எப்படிப் போகிறது? சிம் வாங்க ஒரு கொப்பி. தவணை முறையில் போன் எடுக்க ஒரு கொப்பி. குலுக்கல் கூப்பனில் ஐடி நம்பர். வெளிநாட்டு வேலை என்று வந்த புரோக்கருக்குக் கடவுச்சீட்டின் படம் வாட்ஸ்அப்பில். கேட்டவர் யார், அந்தத் தாள் பிறகு எங்கே போகும் என்று நாங்கள் கேட்பதில்லை. பேப்பர் கேட்டால் கொடுத்துவிடுவது எங்கள் பழக்கம். தோட்டத்து நிர்வாகியான துரையின் ஆபீஸில் கேட்டால் கொடுத்தோம். கணக்கப்பிள்ளை கேட்டால் கொடுத்தோம். கிராம சேவகர் (ஜி.எஸ்.) கேட்டால், சங்கத்துத் தலைவர் கேட்டால், கடன் கொடுக்க வந்த கம்பெனிக்காரர் கேட்டால் கொடுத்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார், இந்தப் பக்கம் நிற்கிற நாங்கள் நீட்டுவோம். “எதுக்கு?” என்று திருப்பிக் கேட்டால் வேலை நடக்காமல் போய்விடுமோ என்ற பயம் தலைமுறை தலைமுறையாக எங்கள் உடம்பில் ஊறிவிட்டது.

இந்தப் பயம் என்ன செய்யும் என்பதை எங்கள் சித்தி வீட்டில் பார்த்தேன். சித்தி கொழுந்து பறிக்கிறவர். ஒரு நாள் பகல், கொழுந்து நிறுக்கிற நேரம், ஒரு கோல். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. அவருடைய முழுப்பெயரைத் தகப்பன் பெயரோடு சொல்லியிருக்கிறான். ஐடி இலக்கத்தின் கடைசி நான்கையும் சொல்லியிருக்கிறான். “அம்மா, உங்களுக்கு வர வேண்டிய நிவாரணக் காசு கணக்கில் விழாமல் நிற்கிறது. இப்போது ஓர் ஆறு இலக்க நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்கள்.” வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். கையெல்லாம் கொழுந்துக் கறை. சித்தி நம்பரை வாசித்துவிட்டார்.

அந்த நம்பர் காசுக்கானது இல்லை. சித்தியின் வாட்ஸ்அப்பை இன்னொரு போனில் திறப்பதற்கான சாவி அது. பொழுது சாய்வதற்குள் அவர் பெயரில், அவர் படத்தோடு, சொந்தக்காரர் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது: “அவசரமாக 20,000 வேண்டும், நாளைக்குத் தருகிறேன், இந்தக் கணக்கில் போடுங்கள்.” கீழ் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அக்கா சீட்டு எடுத்து வைத்திருந்த காசில் 15,000 போட்டுவிட்டார். சித்தி கஷ்டப்பட்டால் ஓடி வந்து கொடுக்கிற மனிதர்கள் அவர்கள். அந்த நல்ல மனதைத்தான் அவன் திருடினான். சித்தி அந்தக் காசை மாதா மாதம் சம்பளத்தில் கட்டி முடித்தார். அந்த அக்கா வேண்டாம் என்றும் இவர் கேட்கவில்லை.

சித்தி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “என் பேரும் நம்பரும் அவனுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு ஒரு பட்டியல் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தபோது, உதவி வந்தது. யார் யாருக்குக் கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று நினைத்த எங்கள் பையன்கள், பட்டியலைப் படம் எடுத்து மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். பெயர், ஐடி இலக்கம், போன் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே வரியில். அதிலிருந்துதான் போனது என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு திருடனுக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஒரு படத்தில் இருந்தது. பெயரும் எவ்வளவு கிடைத்தது என்பதும் போதும், தம்பிமாரே. கணக்கில் ஒளிவு மறைவு இருக்கக்கூடாது என்பது சரி. அதற்கு ஏன் ஐடி நம்பர்?

இதைப் பேசினால் உடனே வரும் பதில், “நமக்குள்ள என்ன ரகசியம்? ஒளிக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?” லயத்தில் வளர்ந்தவர்கள் இப்படிச் சொல்வது எனக்குப் புரியும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். எங்கள் கடிதங்கள் தோட்டத்து ஆபீஸ் விலாசத்துக்கு வந்து, நாலு கை மாறித்தான் எங்களிடம் சேர்ந்தன. எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தி எனக்குத் தெரிவதற்கு முன், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் தெரிந்துவிட்டது, உறை கிழிந்துதான் வந்தது. அன்றைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது என் கடிதம். நான் திறந்திருக்க வேண்டிய கடிதம்.

அந்தரங்கம் என்பது பங்களாக்காரர்களின் சொத்து என்று யார் சொன்னது? ஏழு பேர் படுத்த காம்பராவில்கூட ஒரு பெட்டிக்குப் பூட்டு இருந்தது. நாங்கள் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பூட்டைத்தான்.

பெண்பிள்ளைகள் விஷயத்தை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. பிள்ளை பெரியவளான வீட்டில் படம் எடுக்கிறவர், முழு அல்பத்தையும் பெயரோடு தன் முகநூல் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போடுகிறார். பெற்றோரும் பெருமையோடு பகிர்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் யாராவது கேட்டோமா? என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் படத்தை எடுத்து யாரோ பொய்க் கணக்குத் திறந்திருந்தான். அவள் மூன்று வாரம் பாடசாலைக்கு வரவில்லை. பரீட்சைப் பெறுபேறு வந்ததும் சுட்டிலக்கத்தோடு படம் பிடித்துப் போடுகிறோமே, அந்த இலக்கம் இருந்தால் யார் வேண்டுமானாலும் முழுப் பெறுபேற்றையும் பார்க்கலாம். பெறுபேறு பிள்ளையுடையது. போடுவதா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும்.

கடன் ஆப் கதைகளும் எங்கள் பக்கம் வந்துவிட்டன. போட்டவுடன் போனில் உள்ள எல்லா நம்பரையும் பார்க்க அனுமதி கேட்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் ‘சரி’ என்று அமுக்கிவிடுகிறோம். இரண்டு நாள் பிந்தினால் தோட்டத்துத் தலைவருக்கும் பிள்ளையின் டீச்சருக்கும் கோல் போகிறது. எனக்கே ஒரு தாயைப் பற்றி அப்படி ஒரு கோல் வந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்டேன்.

சட்டம் இல்லை என்று இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்த நோக்கத்துக்கு வாங்கினார்களோ அதற்கு மட்டும்தான் பாவிக்க வேண்டும், தேவைக்கு மேல் வாங்கக்கூடாது, பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம் என்கிறது. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம். ஆனால் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டியிருந்து, தள்ளிப்போயின. சட்டம் முழுதாக மலையேறி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

ஐடி கொப்பி கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொப்பியின் குறுக்கே பேனையால் எழுதுங்கள்: இன்ன வேலைக்கு மட்டும், இன்ன திகதி. முகத்தையும் இலக்கத்தையும் மறைக்காமல், ஆனால் அழிக்க முடியாதபடி. சரியாக விழாத கொப்பியைக் கேட்டு வாங்கிக் கிழியுங்கள். கடையில் மின்னஞ்சல் திறந்து, பாஸ்வேர்டைக் கடைக்காரரின் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தவர்கள் இன்றே மாற்றுங்கள். போனுக்கு வருகிற ஆறு இலக்கத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். எந்த வங்கியும் எந்த அலுவலகமும் அதைக் கோல் எடுத்துக் கேட்காது. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸுக்குள் போய் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, உங்களுக்கு மட்டும் தெரிந்த இன்னோர் ஆறு இலக்கம் வையுங்கள். சித்தி அன்றைக்கு அதை வைத்திருந்தால், சொன்ன நம்பரை மட்டும் வைத்து அவனால் உள்ளே நுழைந்திருக்க முடியாது. ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தையும் பாருங்கள். போன் திருத்தக் கொடுத்து வாங்கிய பிறகு கட்டாயம் பாருங்கள். தெரியாத கணினி ஒன்று அங்கே இருந்தால் வெளியேற்றுங்கள். கணக்கு பறிபோனால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல், முதலில் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள், அப்புறம் இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச நிறுவனமான இலங்கை செர்ட்டின் (Sri Lanka CERT) 101க்கு அழையுங்கள்.

அப்புறம் அந்த ஒரு வார்த்தை. சண்டை பிடிக்க வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். “எதுக்கு தம்பி இது?” என்று மட்டும் கேளுங்கள். போன கிழமை அம்மா ஒரு கடையில் அப்படிக் கேட்டார். கூப்பனுக்கு ஐடி நம்பர் வேண்டும் என்ற பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லாட்டியும் பரவாயில்ல அம்மா” என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் உயர்தரம் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் எங்கள் டிவிஷன் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்போம். போனைக் கொண்டு வாருங்கள், மேலே சொன்னதெல்லாம் உங்கள் கையாலேயே செய்ய வைத்துத் தருகிறோம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெயர் பதிய மாட்டோம், ஐடி கொண்டு வரத் தேவையில்லை.