கண்ணில் கோளாறு இல்லை, தம்பி

"தமிழ் எழுத்தென்றால் அப்படித்தான் அக்கா இருக்கும்." கடைக் கணினித் திரையில் தமிழ் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கூப்பிட்டால், என் கடைக் கதிரையில் இருந்து, என் தேநீரைக் குடித்து, 1500 ரூபாயையும் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் ஒரு கணினி வைத்தியர். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் விடமாட்டார்கள்.

கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் மாங்குளம் வந்த களைப்போ என்னவோ, முதலில் திரையைத் துடைத்தார். தூசாம். ஏ9 வீதியோரத்தில் கடை வைத்திருப்பவளுக்குத் தூசு எதுவென்று தெரியாதாம். பிறகு வெளிச்சத்தைக் கூட்டினார். மங்கலாகத் தெரிந்த எழுத்து இப்போது கண்ணைக் கூச வைத்துக்கொண்டு மங்கலாகத் தெரிந்தது. "பாமினி போடுவோம்" என்றார். போட்டார். தமிழுக்கென்று தனி இடம் வைத்திருக்கும் யூனிகோட் முறையில் அடித்த விண்ணப்பத்தைத் தெரிவுசெய்து பாமினிக்கு மாற்றினார். ஓர் எழுத்தும் அசையவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்காரவைத்த பழைய எழுத்துரு அது. யூனிகோட் தமிழுக்கு அதில் இடமே கிடையாது. வன்னியில் தட்டச்சுக்குப் போன பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த விடயம். வைத்தியருக்கு மட்டும் அதிசயம். இரண்டு முறை அழுத்தினார், மூன்றாம் முறை கொஞ்சம் கோபமாக அழுத்தினார்.

கடைசியில் 1920க்கு 1080 புள்ளி என்றிருந்த திரையை 1366க்கு 768 ஆக்கி, "இப்போது பெரிதாகத் தெரிகிறதே" என்றார். தெரிந்தது, தம்பி. பெரிதாக, கொழகொழவென்று தெரிந்தது. தட்டைத் திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. 1366ஐ 1920இல் இழுத்து விரித்தால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 1.4 புள்ளி. அந்த அரைகுறையை அது எங்கே கொண்டுபோய் வைக்கும்? பக்கத்துப் புள்ளியில் பூசிவிடும். 1920க்குப் பக்கத்தில் இதுதான் பரிந்துரை என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. வாசிக்க வேண்டுமே!

நான் அடிப்பது காணி விண்ணப்பங்கள். இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் நடுவில் ஒரு சின்னச் சுழி மட்டுமே இருக்கிறது. அது கரைந்தால் நிலம் நீலமாகிவிடும். பிறகு பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்பது யார்? மெய்யெழுத்தின் புள்ளியோ இன்னும் பாவம், தலைக்கு மேலே ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கிறது. இதைச் சொன்னதற்கு, "வவுனியாவில் நல்ல கண் டொக்டர் இருக்கிறார், ஒரு கண்ணாடி போட்டுப் பாருங்கள்" என்று பதில்.

இரவு பெறாமகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நானே செய்தேன். திரையளவை 1920க்கே திருப்பினேன். எழுத்துச் சிறிதாக இருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. உருப்பெருக்கத்தை 125 சதவீதமாக வைத்தேன். கிளியர்டைப் அணைந்து கிடந்தது, போட்டேன். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் வித்தை அது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இருந்தது. பிறகு அந்தச் சீரமைப்புப் பெட்டி சில மாதிரிகளைக் காட்டி எது தெளிவு என்று கேட்டது. என்னைத்தான் கேட்டது! இந்த விவகாரம் முழுவதிலும் என் கண்ணை நம்பியது அது ஒன்றுதான். காசும் கேட்கவில்லை.

வைத்தியருக்கு அழைத்துச் சொன்னேன். "நான் போட்ட பாமினி இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது அக்கா" என்றார். இதற்கு மேல் என்னத்தைச் சொல்வது? சிரித்துவிட்டேன்.